உச்ச பவர் சொல்லாத கணக்கு

கார் ரிவ்யூ எதை எடுத்தாலும் ரெண்டு எண் கண்டிப்பா இருக்கும்: உச்ச பவர், உச்ச டார்க். ஸ்போர்ட்ஸ் காருன்னா பாதி நேரம் அதுலயே போயிடும். டாப் கியரில் 100 கி.மீ. வேகத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. நெடுந்தூரம் ஓட்டுகிறவருக்கு அதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

நமக்குப் பழக்கமான குடும்பத்திலிருந்தே உதாரணம் எடுப்போம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மூலம் இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்ட். அந்த சேஸியைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 1147 சிசி எஞ்சின். 5750 ஆர்பிஎம்மில் 63 குதிரைத்திறன், 3500-ல் சுமார் 91 நியூட்டன் மீட்டர் டார்க். டிஃபரன்ஷியல் விகிதம் 4.11.

13 இஞ்ச் சக்கரத்தோடு கணக்குப் போட்டால், டாப் கியரில் 100 கி.மீ.க்கு எஞ்சின் சுமார் 3900 சுற்றுகிறது. சத்தம் காதைத் துளைக்கும். 1963 முதல் கூடுதல் விலைக்குக் கிடைத்த ஓவர்டிரைவ் (விகிதம் 0.8) இருந்தால் அது 3100 ஆகிறது.

அந்த வேகத்தில் காற்றையும் டயர் உராய்வையும் சமாளிக்க, என் கணக்குப்படி, 15 குதிரைத்திறன் போதும். 63-ல் கால் பங்கு கூட இல்லை! மிச்சமெல்லாம் ஓவர்டேக்குக்கும் மேட்டுக்குமான கையிருப்பு. ஓவர்டிரைவ் இல்லாமல் எஞ்சின் தரக்கூடியது 49 அளவில். ஓவர்டிரைவில் அது 40-க்கு இறங்குகிறது. அமைதி கிடைக்கிறது, பெட்ரோல் மிச்சமாகிறது. பதிலுக்குக் கையிருப்பில் கொஞ்சம் போகிறது. கியர் சக்தியை உண்டாக்குவதில்லை, பண்டமாற்றுதான் செய்கிறது.

"ஆர்பிஎம் எவ்வளவு குறையுதோ அவ்வளவு நல்லது" என்பாரும் உண்டு. ஓரளவுக்குச் சரி. ஒரே வேகத்தில் எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கும். காற்றை உறிஞ்சுவதில் வீணாகும் உழைப்பு குறையும், உள் உராய்வும் குறையும். ஆனால் இதே காரை 100 கி.மீ.யில் 2000-க்கு இறக்கும்படி கியர் வைத்தால், கையிருப்பு ஏறக்குறைய காலி. சின்ன மேடு வந்தாலே திணறும், கியரைக் குறைக்கத்தான் வேண்டும்.

இப்போ அதே காரை நம்ம அவலூர்பேட்டை - திருவண்ணாமலை சாலையில் விடுவோம். ஊருக்கு ஊர் வேகத்தடை, முன்னால் கரும்பு டிராக்டர். 60 கி.மீ. போனாலே பெரிசு. அந்த வேகத்தில் ஓவர்டிரைவ் போட்டால் எஞ்சின் 1900-க்குக் கீழே முனகும். மூன்றாவது கியர் (1.39) போட்டால் 3200, அதாவது உச்ச டார்க்குக்குப் பக்கத்தில். சக்கரத்தில் கிடைக்கும் இழுவை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. டிராக்டரைத் தாண்ட அதுதான் உதவும். திண்டிவனம் பக்கம் நாற்கரச் சாலை ஏறிய பிறகுதான் ஓவர்டிரைவுக்கு வேலை.

ஆக, "க்ரூஸிங்குக்கு நல்ல கார்" என்று பொதுவாகச் சொன்னால் அது அரைகுறைத் தீர்ப்பு. எந்தச் சாலையில், எந்த வேகத்தில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ரிவ்யூக்காரர்கள் உச்ச பவர் பக்கத்திலேயே ரெண்டு எண் போடட்டும்: 60-லும் 100-லும் டாப் கியர் ஆர்பிஎம். வாங்குகிறவர் தன் ஊர்ச் சாலையை வைத்து மிச்சக் கணக்கைப் போட்டுக்கொள்வார்.