‘தண்ணீர்’: வாடகையில் சேராத கணக்கு

தி. நகரிலோ மயிலாப்பூரிலோ வாடகை விசாரித்துவிட்டு வரும் நண்பர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, ‘பேசாம திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோ போயிடலாம்.’ இன்னொன்று, ‘இதே மெட்ராஸ்ல அந்தக் காலத்துல சின்னச் சம்பளத்துலயே குடும்பம் நடத்தியிருக்காங்க.’ இரண்டாவதை நம்புகிறவர்கள் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் படித்துப் பார்க்கலாம்.

1952இல் செகந்திராபாதிலிருந்து சென்னை வந்து, தி. நகரில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அவர். நாவலில் ஜமுனாவும் தங்கை சாயாவும் ஒண்டுக்குடித்தனத்தில் இருக்கிறார்கள். சாயாவுக்கு ஆபீஸ் வேலை. ஜமுனாவுக்கு சினிமாவில் சில்லறை வேடங்கள், கைகூடாத கதாநாயகிக் கனவு. அந்த வருமானத்துக்கும் நகருக்குள் ஒரு கூரை கிடைத்துவிடுகிறது. தண்ணீர்தான் கிடைப்பதில்லை. குடத்தோடு தெருத் தெருவாக அலைகிறார்கள்.

இதைக் குறியீட்டு நாவலாகவே படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இது செலவுக் கணக்கு. வாடகை மலிவாக இருந்த நகரத்தில் மீதித் தொகையை யார் கட்டினார்கள்? பெண்கள்தான்: தூக்கமாக, நேரமாக, இடுப்புவலியாக. பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் டீச்சரம்மா வீட்டுக்கு வந்தால் நோயாளிக் கணவன், மாமியார், பிறகு குடம். அவளைத் தியாகியாக்கி நம்மை அழவைக்காததுதான் அசோகமித்திரனின் பலம். கோபித்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகும் சாயா ஒருநாள் திரும்பி வருகிறாள். அதையும் பெரிய சமாதானமாக அவர் எழுதவில்லை.

சின்ன ஊருக்குக் கிளம்புகிறவங்க வாடகையோடு இதையும் கேட்டுக்கோங்க: அந்த வீட்டில் தண்ணீர் பிடிக்கப் போவது யார்?