சத்தம் போட்டுப் படிக்க ஓர் இலக்கியம்

‘விசாரணை’ நாவலின் முதல் அத்தியாயத்தை யூத எழுத்தாளர் ஃப்ரான்ஸ் காஃப்கா நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். காஃப்காவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, நடுநடுவே வாசிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. இதை எழுதி வைத்திருப்பவர் அவருடைய நெருங்கிய நண்பர் மாக்ஸ் பிராட். ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்து, க்ரியா வெளியிட்ட தமிழ் ‘விசாரணை’யைத் தனியே உட்கார்ந்து படித்தவர்கள் அநேகமாகச் சிரித்திருக்க மாட்டார்கள். ஒரு காலையில் காரணமே சொல்லாமல் கைது செய்யப்படும் மனிதனின் கதையில் சிரிக்க என்ன இருக்கிறது? நாலு பேர் சுற்றி உட்கார, ஒருவர் குரல் கொடுத்து வாசித்தால் விளங்கும். கைது செய்ய வந்த காவலர்கள் அவனுடைய காலைப் பலகாரத்தைத் தின்று தீர்த்துவிடுகிறார்கள். பிறகு, காசு கொடுத்தால் எதிர்க்கடையில் ஏதாவது வாங்கி வந்து தருவதாகப் பெரிய மனது பண்ணிச் சொல்கிறார்கள். அந்த இடத்தில் எந்த ஊர்க் கூட்டமும் சிரித்துவிடும். அரசு அலுவலகப் படியேறிய அனுபவம் எல்லோருக்கும் உண்டு.

யூத இலக்கியத்தை ரசிக்க முதல் வழி இதுதான்: தனியாகப் படிக்க வேண்டாம். ஹீப்ரு, இத்திஷ், ஜெர்மன், பிரெஞ்சு, மராத்தி, மலையாளம் என்று பல மொழிகளில் சிதறிக் கிடக்கும் எழுத்து அது. ஆனாலும் கூடி உட்கார்ந்து வாசிப்பதும் வாதாடுவதும் அதன் பழைய பழக்கம்.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத் நூலின் அச்சுப் பக்கம் ஒன்றைப் பார்த்தாலே போதும். நடுவில் மூலம். அதன் ஒரு பக்கம் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த ராஷியின் (1040–1105) உரை. மறுபக்கம் அவருக்குப் பின்வந்தோர் அந்த உரையோடு ஒத்தும் முரண்பட்டும் எழுதிய குறிப்புகள். 1520-களில் வெனிஸில் டேனியல் பாம்பர்க் அச்சிட்ட பதிப்பிலிருந்து இந்த அமைப்பு நிலைத்துவிட்டது. கடினமான சொல் வந்தால் ராஷி தன் ஊர்ப் பேச்சான பழைய பிரெஞ்சில் அதற்குப் பொருள் சொல்லிவிட்டு மேலே போவார். பரிமேலழகரையும் நச்சினார்க்கினியரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூலத்தைப் படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கு இந்தப் பக்கம் அந்நியமாகவே இராது. இதை இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்து மறுத்துத்தான் படிப்பார்கள். 1923-இல் ரபி மெயிர் ஷபீரோ இன்னொரு ஏற்பாட்டையும் முன்வைத்தார்: நாளுக்கு ஓர் ஏடு, உலகம் முழுக்க ஒரே நாளில் அதே ஏடு. மொத்தம் 2,711 ஏடுகள். முடிக்க ஏழரை ஆண்டுகள். அது இன்றும் நடக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்தில் கொச்சி இருக்கிறது. சுமார் 1000-ஆம் ஆண்டில் சேரன் பாஸ்கர ரவிவர்மன், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமைகளை வட்டெழுத்துச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தான். அங்கு வாழ்ந்த யூதப் பெண்கள் திருமணத்துக்கும் பண்டிகைக்கும் மலையாளத்தில் பாட்டுக் கட்டி, கையால் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்தார்கள். நோட்டுகள் ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குப் பிரதியாகிப் போயின. 1950-களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது பாட்டுகளும் கூடவே போயின. 2004-இல் எருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகம் அவற்றில் பலவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டது. அந்தத் தொகுப்பின் பெயரிலேயே ஒரு கிளி இருக்கிறது. ஆய்வுரைகளை எடுப்பதற்கு முன் பாட்டுகளைக் கேட்டுவிடுவது நல்லது. பழைய மலையாளம் தமிழ்க் காதுக்குப் பாதி புரியும். மீதியை அருகிலிருப்பவர் ஊகித்துச் சொல்வார்.

நாஜி முகாம்களைப் பற்றிய நூல்களிலிருந்துதான் பலரும் தொடங்குகிறார்கள். அங்கேயே நின்றும் விடுகிறார்கள். அந்த முகாம்களிலிருந்து மீண்ட எலி வீஸலின் ‘இரவு’ தவிர்க்கக் கூடாத புத்தகம்தான். 1956-இல் பியூனஸ் அயர்ஸில் இத்திஷில் விரிவாக வந்து, 1958-இல் பாரிஸில் பிரெஞ்சில் சுருங்கி வந்தது. பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரர் அதை வீஸலின் சொற்களிலேயே படிக்கலாம். ஆனால் அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ எடுக்க வேண்டியது. சிரித்தும் சமைத்தும் சண்டை போட்டும் வாழ்ந்த மனிதர்களை முதலில் தெரிந்துகொண்டால்தான், பறிபோனது எவ்வளவு என்று உறைக்கும்.

கல்லூரிப் பாடமாகப் பலர் படித்த தேள் கவிதையை எழுதிய நிஸிம் எஸெகியேல் மும்பையின் பெனே இஸ்ரேல் யூதர் என்பது பலருக்குத் தெரியாது. தேள் கொட்டிய தாயைச் சுற்றி ஊரே கூடும் கவிதை அது. ஊராரின் பகுதியைக் கூட்டத்துக்கும், கடைசியில் தாய் பேசுவதை ஒரு பெண்ணுக்கும் கொடுத்து வாசித்தால் பாடப்புத்தக வாடை போய்விடும்.

புதுச்சேரியின் வடகோடியில், காலாப்பட்டைத் தாண்டி, கடலோரம் இருக்கும் கனகசெட்டிக்குளத்தில் இப்படி ஒரு கூட்டம் கூடினால், எஸ்தர் டேவிட்டின் ‘புக் ஆஃப் ரேச்சல்’ நாவலைத்தான் முதலில் எடுக்க வேண்டும். 2010-இன் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கொங்கணக் கடற்கரை ஊரில், மற்ற யூதர்கள் எல்லாரும் போய்விட்ட பிறகு, ஒரு விதவை அங்குள்ள ஜெப ஆலயத்தைத் துடைத்துப் பெருக்கிப் பாதுகாக்கிறாள். அந்த இடத்தை விற்கப் பார்ப்பவர்களோடு மோதுகிறாள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு சமையல் குறிப்போடு தொடங்கும். நூல் ஆங்கிலத்தில் இருப்பதால், அருகிலுள்ள பல்கலைக்கழகத்துப் பிள்ளை ஒருவர் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம்.

அந்தக் குறிப்புகளே பேச்சைக் கிளப்பும். இறைச்சியோடு பாலைச் சேர்க்கக் கூடாது என்பது யூத விதி; அதனால் பெனே இஸ்ரேல் அடுப்பில் குழம்புக்குத் தேங்காய்ப் பால்தான். மீனில் செதிலும் துடுப்பும் இருக்க வேண்டும். இறால், நண்டு, கணவாய், சுறா ஆகாது, சங்கரா ஆகும். சுறாவுக்குத் துடுப்பு இருக்கிறதே, அது ஏன் ஆகாது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்பார். சுறாத் தோலைக் கையால் தடவிப் பார்த்த மீனவர்கள் இருக்கும் ஊரில் அந்த விவாதம் எளிதில் முடியாது. மறுவாரம் அடுத்த அத்தியாயத்தை அந்த இடத்திலிருந்து தொடரலாம்.