டீபக்கர் காட்டும் தமிழ்ப் பெயர்கள்

எந்திரக் குறியீட்டில் மாறிகளுக்குப் பெயர் கிடையாது; பதிவகங்களும் நினைவக முகவரிகளும்தான் உண்டு. சி நிரலைப் பிழைதேடலுக்கான தகவலோடு கம்பைல் செய்தால், எந்தப் பெயரின் மதிப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பு டுவார்ஃப் என்ற வடிவில் கோப்பில் சேர்கிறது. பிழை தேட உதவும் ஜிடிபி போன்ற டீபக்கர் அதைப் படித்து, புரோகிராமர் வைத்த பெயரையே மதிப்போடு காட்டுகிறது. தான் எழுதிய சொல்லைக் கொண்டே பிழையைத் தேட முடிவது இம்முறையின் பெரும்பலம்.

அந்தப் பலம் தமிழுக்கும் கிடைத்துவிட்டது. ஜாவா தொடக்கம் முதலே, தமிழ் உட்பட யூனிகோடு எழுத்துகளால் ஆன பெயர்களை ஏற்கிறது. பைத்தான் 2008இல் வந்த 3ஆம் பதிப்பிலிருந்து ஏற்கிறது. தமிழகத்தின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் இருப்பதும் பைத்தான்தான். மயிலாப்பூரில் தமிழ்வழியில் படிக்கும் மாணவி, தி.நகர் ஜவுளிக்கடை பில்லுக்கு நிரல் எழுதி ‘தொகை’, ‘தள்ளுபடி’ என்று பெயரிட்டால், டீபக்கரிலும் அதே சொற்கள் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டலோடு மல்லாட வேண்டியதில்லை. இது சிறிய வசதி அல்ல.

குறை வேறிடத்தில் இருக்கிறது. டீபக்கர் காட்டுவது பெயரின் தோற்றத்தை. கணினி ஒப்பிடுவதோ அதன் எழுத்துகளுக்குரிய யூனிகோடு குறியெண்களை. ‘தொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் பதியலாம். திரையில் வேறுபாடே தெரியாது. பைத்தான் இரண்டையும் இணைத்து ஒரே பெயராக்கிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் அப்படிச் செய்வதில்லை. கண்டிப்பு முறை இல்லாத நிரலில் ‘தொகை’ என்ற உள்ளூர் மாறியை ஒரு வடிவத்தில் 0 என அறிவித்துவிட்டு, இரண்டாம் வடிவத்துக்கு 4500 ரூபாய் என்று மதிப்பு கொடுத்தால், சத்தமில்லாமல் புதிய பொது மாறி பிறக்கிறது. உள்ளூர் மாறிகளின் பட்டியலில் ‘தொகை’ 0 என்றே நிற்கும். அந்த 4500 ரூபாய் பொது மாறிகளின் நீண்ட பட்டியலில் எங்கோ கிடக்கும்.

பைத்தானிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. பஞ்சாங்க நிரல் ஒன்றில் ‘பௌர்ணமி’ என்று ஓரிடத்திலும், ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு ‘பெளர்ணமி’ என்று வேறிடத்திலும் தட்டச்சிட்டால், அவை எழுத்தளவிலேயே வெவ்வேறு பெயர்கள். எந்த இணைப்பு விதியும் அவற்றை ஒன்றாக்காது. டீபக்கர் இரண்டையும் தனித்தனியே காட்டும்; பல எழுத்துருக்களில் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 முறையில் ‘தொ’ இரண்டுபடாது. தமிழக அரசு 2010இல் அதை ஏற்றது. கோட்டூர்புரத்தில் உள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் அதன் எழுத்துருக்களையும் வழங்குகிறது. ஆனால் அது யூனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் அமைந்ததால், பைத்தானும் ஜாவாவும் அதில் எழுதிய பெயர்களை ஏற்பதில்லை.

தமிழ்ப் பெயர்களைத் தவிர்க்கச் சொல்வது இதற்குத் தீர்வாகாது. ஆங்கிலத்திலும் சிறிய ‘எல்’ எழுத்தும் 1 என்ற இலக்கமும் குழப்பவே செய்கின்றன. அதற்காக யாரும் ஆங்கிலத்தைக் கைவிடவில்லை. திருந்த வேண்டியது டீபக்கர். ஒரே தோற்றமுள்ள இரு பெயர்கள் எதிர்ப்படும்போது, ஒவ்வொன்றும் எந்த வரியில் பிறந்தது என்பதையும் அதன் குறியெண்களையும் அது பக்கத்திலேயே காட்ட வேண்டும். இந்த இரண்டு விவரமும் நிரலிலேயே இருக்கின்றன.