ஆடலிற் காலும் செவியும்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி 5 வயதிற் கற்கத் தொடங்கி 12 வயதில் அவையேறுகின்றாள். அவளை உருவாக்கிய ஆசிரியர்களை இளங்கோவடிகள் நிரல்படக் கூறுகின்றார். அவர்களுள் ஆடலாசான் ஒருவனே. இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஏனையோர் ஐவர். ஆடல் பயில்வோர்க்குச் செவிப்பயிற்சி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இவ்வெண்ணிக்கையே போதிய சான்றாகும்.

இந்நாளில் நம் மாணவியர் பரதம் பயிலும் முறையை நோக்குவோம். தட்டடவும் நாட்டடவும் மூன்று காலத்தும் வழுவின்றி அமைகின்றன. அரைமண்டியும் செம்மையாக உளது. ஆயினும், ஆடும் வர்ணத்தின் பல்லவியை ஒருமுறை பாடிக் காட்டுக என்றால் வாய் திறப்போர் சிலரே. இதற்குக் காரணமும் உண்டு. கால் பிழைப்பின் எவர் கண்ணுக்கும் புலனாகும். செவி பிழைத்தலை இசையறிந்தோரே உணர்வர். ஆதலின், போட்டிகளிற் புள்ளி பெறுவது அடவே. எனவே பயிற்சியும் அதனோடு நின்றுவிடுகின்றது.

அடவு சிறப்பற்றது என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. உடல் வசப்படாதார்க்கு, உணர்ந்த இசை உள்ளத்தளவிலே அடங்கிப்போம். எனினும், காலுக்கு வழிகாட்ட வேண்டியது செவியே என்க.

தஞ்சை மரபில் வந்த பாலசரஸ்வதி (1918–1984) இதனை மெய்ப்பித்தவர். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய அவர், தாய் ஜயம்மாளின் பாட்டிற்கு ஆடி வளர்ந்தார். அபிநயிக்குங்கால் தாமே பாடவும் வல்லார். இசைவாணர்க்கு வழங்கப்பெறும் சங்கீத கலாநிதி விருதைச் சென்னை மியூசிக் அகாடமி 1973 இல் அவருக்கு அளித்தமை சிந்திக்கற்பாலது.

அம்பிட்டியவில் வாழும் நமக்கு அண்மையிலேயே வேறொரு சான்றும் உண்டு. கண்டிய நடனத்தின் 18 வன்னங்களும் யானை, மயில், குதிரை முதலியவற்றைப் பொருளாகக் கொண்ட பாடல்கள். 'தானம' எனும் ஒலிக்கோவையாற் பண்ணை இசைத்துப் பாடலைப் பாடிய பின்னரே, 'அடவ்வ' எனும் ஆடற்பகுதி வரும். அச்சொல் நம் அடவை நினைவூட்டுதலும் கருதத்தக்கது.

ஆகவே, நம் ஆசிரியர் செய்யத்தக்கன இரண்டு. கையாற் தாளமிட்டுச் சொற்கட்டைச் சொல்லப் பழகிய பின்னரே காலை எடுக்கச் செய்தல் ஒன்று. வர்ணத்தைப் பாடத் தெரிந்தார்க்கே அதனை ஆடக் கற்பித்தல் மற்றொன்று. அரங்கேற்றம் ஓராண்டு பிந்தினும் இழப்பில்லை. மாதவி பயின்ற காலமும் 7 ஆண்டுகளன்றோ!