மீன் குழம்புக்கு எந்த ஒயின்? பொருத்தப் பட்டியல்கள் மீது ஒரு விமர்சனம்

இரும்பையிலிருந்து பாண்டிச்சேரி பக்கம்தான். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஒருவேளைச் சாப்பாடு அங்கேதான் முடியும். போன மாதம் மச்சான் வந்திருந்தப்போ ஒரு ஓட்டல்ல வஞ்சிரம் மீன் குழம்பு சொன்னோம். "காரத்துக்கு ஈடு கொடுக்கும் சார்" என்று பரிமாறுகிறவர் ஒரு சிவப்பு ஒயினைச் சொன்னார். முதல் வாயிலேயே ஆணியைக் கடித்த மாதிரி இரும்பு வாடை (ஊர்ப்பேருக்காகச் சொல்லலீங்க), பின்னாடியே நெருப்பு. மச்சான் கிளாஸை நகர்த்தி வச்சுட்டு, "இதையெல்லாம் ரசிக்கிற நாக்கு நமக்கு இல்ல மச்சான்"னார்.

அந்த வார்த்தை எனக்கு உறுத்தலாவே இருந்தது. நம்ம நாக்குல என்ன குறை? அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து, எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று சொல்லும் பட்டியல்களை வரிசையாகப் படித்தேன். பிரெஞ்சுப் பாலாடைக்கட்டியை ஊர் ஊராகப் பிரிக்கிறவர்கள் நமக்கு "இந்தியன் கறி" என்று ஒரே வரி ஒதுக்குகிறார்கள். வத்தக்குழம்பும் வெண்பொங்கலும் அதே வரிக்குள்தான்.

அந்த வரிக்கு நேரே அடிக்கடி வருகிற பெயர் கெவுர்ட்ஸ்ட்ராமினர். ஜெர்மனில் 'கெவுர்ட்ஸ்' என்றால் மசாலா. மசாலாச் சாப்பாட்டுக்கு மசாலா ஒயின்! எங்க தொழில்ல இதுக்குப் பேர் ஸ்ட்ரிங் மேட்ச். பெயரை ஒதுக்கிட்டு உள்ளே என்ன இருக்குன்னு பாருங்க: இந்த வகையில் பொதுவாக ஆல்கஹால் அதிகம், புளிப்பு குறைவு. நம்ம குழம்புக்கு இரண்டுமே ஆகாது.

ஏன்னா, மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பு வாயிலைத்தான் ஆல்கஹாலும் தட்டுது. அந்த வாயில் சாதாரணமாக 42 டிகிரி சூட்டில் திறக்கும். ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே திறந்துவிடும் என்று 2002இல் வந்த ஒரு ஆய்வு காட்டியது. நம்ம வாய்ச் சூடே அதுக்கு மேல. மச்சானுக்கு எரிஞ்சதில் ஆச்சரியமே இல்லை.

அடுத்தது புளி. திராட்சையில் முக்கியமான டார்டாரிக் அமிலம்தான் புளியிலும் நிறைய இருக்கு. கிளாஸை விடத் தட்டில் புளிப்பு தூக்கலா இருந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும். சிவப்பில் வாழைப்பூ மாதிரி ஒரு துவர்ப்பு வேற. வெண்ணெயில் வாட்டிய மாட்டிறைச்சியோட அது அடங்கும், மிளகாயோட முரண்டு பிடிக்கும்.

இரும்பு வாடை? 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களை உலர்ந்த சிப்பி இறைச்சியோடு சுவைத்துப் பார்த்தார்கள். கவிச்சியைக் கிளப்பிவிடுவது ஒயினில் கரைந்திருக்கும் இரும்பு என்று தெரிந்தது. இரும்பு குறைவான சிவப்பு ஒயினும் உண்டு. ஆக 'மீனுக்கு வெள்ளை, கறிக்குச் சிவப்பு' என்கிற பழைய விதி முழுப் பொய் இல்லை. காரணம் தெரியாமலே ஓரளவு வேலை செய்கிற விதி. இதில் அந்தப் பட்டியல்களைக் குறை சொல்ல மாட்டேன்.

என் புகார் வேற. அவங்க மீனா, கோழியா, ஆடான்னு கேட்கிறாங்க. நம்ம சமையலில் கேட்க வேண்டியது குழம்பைப் பற்றி: புளி ஊத்தினதா, தேங்காய் அரைச்சதா, வெறும் பொரிச்சதா? அதே வஞ்சிரத்தை வறுத்து வச்சா, எலுமிச்சை பிழியிற இடத்துல இனிப்பில்லாத புளிப்பு வெள்ளை ஒயின் அழகா உட்காரும். குழம்புக்குப் போனா கொஞ்சம் இனிப்பு வேணும், ஆல்கஹால் குறையணும். ஜெர்மனியின் மோசல் பக்கத்து இனிப்பு ரீஸ்லிங் 8, 9 சதவீதத்திலேயே கிடைக்கும். அது கிடைக்கலைன்னா நாசிக் செனின் பிளாங்கில் லேசா இனிப்பு உள்ளதாகப் பார்த்து, நல்லா குளிர வச்சுக்கலாம். சதவீதம் லேபிளிலேயே இருக்கும்; விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க.

போன ஞாயிறு வீட்டில் அப்படி ஒரு செனின் பிளாங்கை மீன் குழம்போடு வைத்தேன். மச்சான் இரண்டாவது கிளாஸ் கேட்டார். மறுநாள் வத்தக்குழம்புக்கு அதே பாட்டில் தோற்றுப்போச்சு. அதுக்கு இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.