இடரும் தெரிவும்
மார்புப் புற்றுநோய் பற்றிய இரு எழுத்துகள்: ஓர் ஒப்பியல் நோக்கு

மார்புப் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பெண்கள் கொண்டுள்ள மனப்பாங்கினை அறிவதற்கு வினாக்கொத்துகளும் நேர்காணல்களுமே பெரிதும் பயன்படுத்தப்பட்டு வருகின்றன. அவற்றின் பயனை நாம் மறுக்கவில்லை. ஆயின், பெண்கள் தாமே தமது உடலைப் பற்றியும் அச்சத்தைப் பற்றியும் எழுதியவையும் சான்றுகளே. மனப்பாங்கு என்பது தனி மனத்துள் முளைத்து வளரும் ஒன்றன்று. சமூக நிறுவனங்களோடு கொள்ளும் உறவிலேயே அது உருப்பெறுகின்றது. இவ்வுறவினை எழுத்துகளே தெளிவாகப் புலப்படுத்த வல்லன.

இந்நோக்குடன், அமெரிக்க ஐக்கிய நாட்டில் எழுந்த இரண்டு எழுத்துகளை இங்கு ஒப்புநோக்க முற்படுகிறோம். ஒன்று, கறுப்பினக் கவிஞரும் பெண்ணிலைவாதியுமான ஓட்ரி லோர்ட் 1980இல் வெளியிட்ட 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' என்ற நூல். மற்றையது, திரைப்பட நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே 14ஆம் திகதி 'நியூ யோர்க் ரைம்ஸ்' பத்திரிகையில் எழுதிய 'எனது மருத்துவத் தெரிவு' என்ற கட்டுரை. முன்னது நோயுற்ற பெண் எழுதியது. பின்னது நோய் வருமுன்னரே அதன் நிகழ்தகவினை அறிந்த பெண் எழுதியது. இவ்விரண்டிற்குமிடையில் மருத்துவம் மட்டுமன்றி, நோயைப் பற்றிப் பேசும் மொழியும் மாறிவிட்டது.

லோர்ட் 1978இல் வலது மார்பினை இழந்தார். சத்திரசிகிச்சைக்குப் பின் செயற்கை மார்பு அணிய அவர் மறுத்தார். அவ்வாறு வருவது அங்குள்ளோரின் மனவுறுதியைக் குலைக்கும் என்று வைத்தியரின் அலுவலகத் தாதி கடிந்துகொண்டதை அவர் நூலில் விபரிக்கின்றார். ஒரு கண்ணை இழந்த இஸ்ரேலியத் தளபதி மோஷே தயானிடம் கண்ணாடிக் கண் அணியுமாறு எவரும் வற்புறுத்துவதில்லையே என்பது அவர் எழுப்பும் வினா. ஆணின் இழப்பு வீரத்தின் அடையாளமாகின்றது. பெண்ணின் இழப்போ மறைக்கப்பட வேண்டிய குறையாகின்றது. அழகுணர்ச்சி பற்றிய தர்க்கமாக இதனைக் கொள்வது தவறாகும். இழப்பை மறைப்பதால் நோயுற்ற பெண்கள் ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்ள முடியாது போகின்றது. இனங்காணாதோர் ஒன்றுசேர்தல் இயலாது. கால்நடைத் தீவனத்திற் சேர்க்கப்படும் ஓமோன்களைத் தடைசெய்யக் கோரி, ஒற்றை மார்புடைய பெண்கள் திரண்டு அமெரிக்கக் காங்கிரசுக்குட் புகுவதாக அவர் கற்பனை செய்வதும் இதனாலேயே. தனியொருத்தியின் வடு இங்கு பொதுக் கேள்வியாக மாறுகின்றது.

ஜோலியின் கட்டுரை இயங்கும் தளம் வேறு. பீ.ஆர்.சீ.ஏ.1 என்னும் பரம்பரையலகு 1994இல் இனங்காணப்பட்டது. அதிற் பாதிப்புடையவரான ஜோலிக்கு மார்புப் புற்றுநோய் ஏற்படும் இடர் 87 வீதம் என வைத்தியர்கள் மதிப்பிட்டனர். அவருடைய தாயார் ஏறத்தாழப் பத்தாண்டுகள் புற்றுநோயுடன் போராடி 56ஆவது வயதில் இறந்தவர். நோயற்ற இரு மார்புகளையும் அகற்றிக்கொண்டபின் அவ்விடர் 5 வீதத்திலும் குறைந்துவிட்டது என்று அவர் எழுதுகிறார். நடை எளிமையானது, நோக்கம் நேர்மையானது. தமது உடலை வைத்தே புகழ் ஈட்டிய ஒரு நடிகை, அவ்வுடலின் வடுவைப் பற்றி வெளிப்படையாக எழுதியமை துணிவான செயலே. இதனை வெறும் தனிமனிதவாதம் என்று ஒதுக்குவது விமர்சனமாகாது.

ஆயினும் கட்டுரையில் ஓர் இடம் நம் கவனத்துக்குரியது. இப்பரிசோதனைக்கு அமெரிக்காவில் 3000 டொலருக்கு மேற் செலவாகும் எனவும், பல பெண்களுக்கு அது தடையாக உள்ளது எனவும் ஜோலி குறிப்பிடுகின்றார். அவ்விலை ஏன் அத்துணை உயர்ந்தது என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. மிரியட் என்ற நிறுவனம் அப்பரம்பரையலகுகளின் மீது காப்புரிமை கொண்டிருந்தது. கட்டுரை வெளிவந்து ஒரு மாதம் நிறையுமுன், 2013 யூன் 13இல், இயற்கையாக அமைந்த பரம்பரையலகு எவரது கண்டுபிடிப்புமன்று என அமெரிக்க உயர்நீதிமன்றம் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. வைத்தியர்களும் நோயாளரும் மருத்துவச் சங்கங்களும் ஒன்றுசேர்ந்து தொடுத்த வழக்கு அது. ஜோலியின் கட்டுரையில் 'தெரிவு' என்ற சொல் தலைப்பிலேயே நிற்கின்றது. அத்தெரிவினைச் சாத்தியமாக்கும் கூட்டு முயற்சிக்கு அதில் இடமில்லை. லோர்டின் நூலிற் காணப்படும் 'நாம்' இங்கு 'நான்' ஆகச் சுருங்கிவிட்டது.

இச்சுருக்கத்தின் விளைவினை இன்றைய தனிநபர்சார் பரிசோதனை முறையில் நாம் காணலாம். வயதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, பரம்பரை, குடும்ப வரலாறு, மார்பின் அடர்த்தி ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பெண்ணின் இடரையும் கணித்து, அதற்கேற்ப மமோகிராம் எடுக்கும் கால இடைவெளியை வகுப்பது அம்முறை. அமெரிக்காவில் 2016இல் தொடங்கிய 'விஸ்டம்' ஆய்வு இதனைப் பரீட்சித்தது. முற்றிய நிலைப் புற்றுநோய்கள் இம்முறையால் அதிகரிக்கவில்லை என 2025 டிசெம்பரில் வெளியான முடிவுகள் காட்டின. எதிர்பார்த்தவாறு இழையச் சோதனைகள் குறையவுமில்லை. எனவே, அறிவியல் நோக்கில் இம்முறை புறக்கணிக்கத்தக்கதன்று.

பெண்களின் மனப்பாங்கு பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் ஒரு முரண் மீண்டும் மீண்டும் தென்படுகின்றது. இடர் கூடியோருக்குக் கூடுதலான பரிசோதனை என்றால் பெண்கள் எளிதில் இசைகின்றனர். இடர் குறைந்தோருக்குப் பரிசோதனையைக் குறைக்கலாம் என்றாலோ தயங்குகின்றனர். இத்தயக்கத்தைப் புள்ளிவிபரம் விளங்காமையின் பேறு என்று கொள்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மருத்துவம் விலைப்பொருளாக உள்ள சமூகத்தில், உமக்கு இது தேவையில்லை என்ற கூற்று செலவைக் குறைக்கும் தந்திரமோ என்று ஐயுறுவது அறியாமையன்று. அது அனுபவத்தின் விளைவு. 'அதிக பரிசோதனையே அதிக பாதுகாப்பு' என்று பல்லாண்டுகளாகப் போதித்த நிறுவனங்களே இன்று அதற்கு மாறாகப் பேசுகின்றன என்பதையும் மறத்தலாகாது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களிலும் சற்றுக் குறைவாகவே மார்புப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். ஆயின் அந்நோயால் இறப்பதோ ஏறத்தாழ 40 வீதம் அதிகம். இடரைக் கணிக்க உதவும் பரம்பரைப் புள்ளிகளோ பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தோரின் தரவுகளிலிருந்து பெறப்பட்டவை. 'தனிநபர்சார்' என்ற அடைமொழி எல்லா நபர்களையும் ஒரே துல்லியத்துடன் சுட்டவில்லை என்பது இதனாற் பெறப்படும். நோய் வருமா என்பதை மட்டும் கணிப்பது போதாது. வந்தபின் உரிய காலத்தில் உரிய சிகிச்சை கிட்டுமா என்பதும் இடரின் ஒரு பகுதியே. இவ்விரண்டாவது இடரை எந்தப் பரம்பரையலகும் தெரிவிக்காது.

லோர்டின் நூலுக்கும் வரையறைகள் உண்டு. பரம்பரை பற்றிய இன்றைய அறிவு அவர் காலத்திற் கிட்டவில்லை. சுற்றாடற் காரணிகளுக்கு அவர் அளித்த அழுத்தம் அக்காலத்துக்குரியது. ஜோலியின் கட்டுரையோ அவ்வறிவைப் பல இலட்சம் பெண்களிடம் கொண்டுசென்றது. எனவே ஒன்றை ஏற்று மற்றையதைத் தள்ளுவது எமது நோக்கமன்று. ஜோலி தரும் அறிவினை, லோர்ட் எழுப்பிய வினாக்களுக்கு உட்படுத்துவதே இன்றைய தேவை. தன் இடர் எத்தனை வீதம் என்று அறிந்த பெண்ணுக்கு, அவ்வறிவைப் பயன்படுத்தும் வசதியும் அவளருகே நிற்கும் ஏனைய பெண்களும் இல்லாதவிடத்து, தெரிவு என்பது வெறுஞ் சொல்லாகவே எஞ்சும்.