பெயர்த் திருத்தமும் பெயர் இழப்பும்

ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளிவருவோர், பள்ளிவாசல் வாயிலில் விரிக்கப்பட்டிருக்கும் கடைகளில், அத்தர்க் குப்பிகளுக்கும் தஸ்பீஹ் மணிகளுக்கும் பக்கத்தே ஒருவகைச் சிறுநூலைக் கண்டிருப்பர். ஆண் மகவுக்கும் பெண் மகவுக்கும் இடத்தக்க பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள் குறித்த நூல் அது. பதிப்பகம் மாறும், மேலட்டை மாறும், உள்ளீடு பெரும்பாலும் ஒன்றே. இலக்கிய இதழ்கள் இத்தகைய நூல்களை மதிப்புரைக்கு எடுப்பதில்லை. ஆனால், சீறாப்புராணத்தைத் திறவாத இல்லங்களிலும் இந்நூல் திறக்கப்படுகிறது. ஒருவர் கபுறு வரை சுமக்கவேண்டிய சொல்லை இதுவே தேர்ந்து தருகிறது. இத்துணைச் செல்வாக்குடைய நூலைத் திறனாய்வாளர் கண்டும் காணாதிருப்பது முறையன்று.

ஏதேனும் ஒரு நூலைப் பெயர் சுட்டிக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இவை யாவற்றுக்கும் அடியில் கிடக்கும் ஒரு கொள்கையே நம் ஆராய்ச்சிக்குரியது. அறபியில் உள்ளபடி ஒலிப்பதே இஸ்லாமியப் பெயர். தமிழ் நாவில் திரிந்தும் தமிழ்ச் சொல்லோடு கூடியும் வழங்குவது சிதைவு. சிதைவைத் திருத்துவது கடமை என்பது அக்கொள்கை. இதனை நாமும் பல்லாண்டுகள் மக்தபில் சொல்லிவந்தவர்களே.

நாம் வாழும் அனகாபுத்தூர், அடையாற்றங்கரையில் அமைந்த நெசவூர். 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. முன்னர் இங்கு நெய்த கட்டம்போட்ட துணி ‘மெட்ராஸ் கைக்குட்டை’ என்னும் வாணிகப் பெயரோடு நைஜீரியா வரை சென்றது. சென்ற இடத்தில் அது கைக்குட்டையாக அன்றி, இடையில் உடுக்கும் ஆடையாகவே வாழ்ந்தது. இட்ட பெயர் ஒன்று, வாழ்ந்த வாழ்வு வேறொன்று என்பதற்கு இவ்வூர்த் தறிகளே சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் அன்பர் ஒருவர் தம் பெண்மகவுக்குப் பெயர் சூட்ட நம்மை அழைத்தார். தம் தாயாரின் பெயரையே இடவேண்டும் என்பது அவர் விருப்பம். அப்பெயரின் முன்பாதி, நபிகளாரின் அருமை மகளாரின் பெயரைத் தமிழ் வழக்கில் குறுக்கியது, பின்பாதி ‘முத்து’. நாம் உடன்படவில்லை. முத்து அறபுச் சொல்லன்று என்றோம்; முன்பாதியும் திரிந்து கிடக்கிறது என்றோம்; கையிலிருந்த சிறுநூலைப் புரட்டி, நீண்டு ஒலிக்கும் வேறொரு பெயரை எழுதிக் கொடுத்தோம். கதவருகே அமர்ந்திருந்த அந்த மூதாட்டியார், “அப்போ எம் பேரு பேரே இல்லியா, அஜரத்து?” என்று கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நாமும் சிரித்தோம், விடை சொல்லவில்லை. காலம் தாழ்ந்தேனும் அவ்விடையை இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் மார்க்கம் என்ன சொல்கிறது எனக் காண்போம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சிலருடைய பெயர்களை மாற்றினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் தெளிவாக உள்ளது. உமர் (ரலி) அவர்களின் மகளார் ஒருவர் ஆஸியா என அழைக்கப்பட்டார். ‘மாறு செய்பவள்’ என்பது அதன் பொருள். அதனை ஜமீலா என மாற்றினார்கள். தன்னைத் தானே தூய்மையுடையவளெனப் புகழ்வதாக அமைந்த பர்ரா என்னும் பெயரை ஸைனப் என்றாக்கினார்கள். ‘கரடுநிலம்’ எனப் பொருள்படும் ஹஸ்ன் என்னும் பெயருடையவரை, ‘மென்னிலம்’ எனப் பொருள்படும் ஸஹ்ல் என மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றேன் என அவர் மறுத்துவிட்டார். இம்மாற்றங்கள் யாவும் பொருள் நோக்கியவை. மொழி நோக்கியவை அல்ல. உமர், ஹம்ஸா முதலியோர் இஸ்லாத்தைத் தழுவுமுன் பெற்ற பெயர்களோடே வாழ்ந்தனர். பைரூஸ் அத்தைலமி (ரலி) தம் பாரசீகப் பெயரோடே நபித்தோழர் வரிசையில் நிற்கிறார்.

மாற்றப்பட்ட அந்த ஆஸியா ஐனும் ஸாதும் கொண்டு எழுதப்படுவது. பிர்அவ்னின் மனைவியாராகிய உத்தமியின் பெயரோ அலிஃபும் ஸீனும் கொண்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. அதனால் என்ன கெட்டது? நம் ஊர்களில் ஆசியம்மாள் என அழைக்கப்பெறும் எவரையும் மாறு செய்பவளென எவரும் கருதியதில்லை. எழுத்து கைவிட்ட இடத்தில் வழக்கு காத்து நிற்கிறது.

இனி, ஒலி. சிதைவு என நாம் இகழ்ந்தவற்றுள் பல, ஓசையைக் காப்பதற்காகத் தமிழ் செய்த ஏற்பாடுகள் என்பதை நாம் உணர நெடுங்காலம் ஆயிற்று. தமிழில் ஒரே பகரம் இடத்துக்கேற்ப இருவேறாக ஒலிக்கும். ‘பல்’ என்பதிலுள்ள பகரம் வேறு. ‘அம்பு’ என்பதிலுள்ள பகரம் வேறு. அறபியின் ‘பா’ என்னும் எழுத்து அம்பிலுள்ள பகரத்தைப் போன்றது. ஸைனப் என்னும் பெயரை நம் மூதாட்டியர் சைனம்பு என்றனர். திருத்தக்காரர் நகைப்பர். ஆனால், இடையில் மகர மெய்யைக் கூட்டியதனால் அன்றோ அந்தப் பகரம் அறபு ஓசை குன்றாமல் நின்றது! இன்று ‘ஜைனப்’ எனத் திருத்தி எழுதிய பெயரைப் பள்ளியில் கூப்பிடும்போது நம் காதில் விழுவது பல்லிலுள்ள பகரம். முகம்மது என்பதும் இவ்வாறே. ஈற்றில் உகரம் பெற்று உயிர்களுக்கிடையே நிற்பதனால் தகரம் மெலிந்து, அறபியின் ‘தால்’ போல ஒலிக்கிறது. உகரத்தை வெட்டி ‘முஹம்மத்’ என எழுதியவுடன் தகரம் வலித்துவிடுகிறது. பாத்திமா என்பதில் தகரத்தை இரட்டித்ததும் ‘தோ’ என்னும் எழுத்தின் வல்லோசையைக் காப்பதற்கே.

(அறபியிலும் அகுமது எழுவாயாக வரும்போது ‘அஹ்மது’ என உகர ஈற்றோடே நிற்கும் என்பதை நஹ்வு ஓதிய மாணவர் அறிவர். இது தற்செயல் ஒற்றுமைதான். எனினும் ஓதுகின்ற பிள்ளைகளிடம் சொன்னால் மகிழ்வர்.)

வடசொல்லைத் தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி ஏற்பதற்குத் தொல்காப்பியம் எச்சவியலில் இடம் தந்துள்ளது. அவ்வழியைத்தான் 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் அறபுப் பெயர்களுக்கும் ஆண்டார். றசூல் என்பதன் முன் இகரம் சேர்த்து இறசூல் என்றார், அகுமது என்றார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் அப்பெயர்கள் எதுகைக்கும் மோனைக்கும் இசைந்து நடந்தன. ஷெய்கு அப்துல் காதிர் என்னும் வள்ளல் தமிழ் நாவில் சீதக்காதி ஆனார். ‘செத்தும் கொடுத்தான்’ என்று தமிழுலகம் போற்றுவது அந்தச் சீதக்காதியை. திருத்திய பெயரைக் கொண்டு ஒரு பழமொழி பிறந்திருக்குமா என்பது ஐயமே.

பெயர்களின் ஆண்பாற் பெண்பாலைக் கருதினால் செய்தி இன்னும் சுவையாகிறது. அறபியில் ஸலீம் ஆண், ஸலீமா பெண். ஆனால் தல்ஹா, ஹம்ஸா, உஸாமா என்பன பெண்பால் வடிவுடைய ஆண்பெயர்கள்; ஸைனப், மர்யம், ஹிந்த் என்பன அவ்வடிவு இல்லாத பெண்பெயர்கள். முன்னதை முஅன்னஸ் லஃப்ளீ என்றும் பின்னதை முஅன்னஸ் மஃனவீ என்றும் இலக்கணிகள் வகுத்தனர். அறபு அறியாத தமிழ்த்தாய்க்கு இவ்வகுப்பு தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ‘ன்’ ஆண்பால், ‘ள்’ பெண்பால் என்பதே. ஆகவே மகனை நாகூரான் என்றாள். மகளைச் சுலைகாள் என்றாள், பாத்துமாள் என்றாள். பாத்துமாள் என்பதில் அறபியின் பெண்பாற் குறியும் இருக்கிறது, தமிழின் பெண்பால் ஈறும் இருக்கிறது. பாவும் ஊடையும் போல இரண்டும் ஒரே துணியில் கிடக்கின்றன. இப்போது ‘ள்’ போயிற்று. தல்ஹா எனப் பெயரிட்ட மகனைப் ‘பெண் குழந்தையா?’ எனக் கேட்போருக்கு விடை சொல்லித் தந்தையர் சலிக்கின்றனர்.

திருத்தவேண்டியவை இல்லாமலில்லை, ஆனால் அவை வேறிடத்தில் உள்ளன. அப்துல் என்பது தனிப்பெயராகாது. ‘அப்து’ அடியான், அதனை ஒட்டி வரும் ‘உல்’லில் லாம் அடுத்த சொல்லுக்குரியது. விண்ணப்பப் படிவங்களில் முதற்பெயர், பின்பெயர் எனக் கட்டங்கள் வந்தபின் அப்துல் ஒரு கட்டத்திலும் ரஹ்மான் மறு கட்டத்திலும் விழுந்தனர். அடியான் யாருக்கு அடியான் எனத் தெரியாமல் நிற்கிறான்; இறைவனுக்கே உரிய பெயரோ மனிதனுக்குத் தனியே ஆகிவிட்டது. மெஹருன்னிஸா என்றால் பெண்டிருள் ஞாயிறு. அது மெஹருன்னிஷாவாக எழுதப்பட்டபோது வடமொழி இரவு வந்து அந்த ஞாயிற்றோடு ஒட்டிக்கொண்டது. இவற்றையெல்லாம் விட்டு, ‘முத்து’வின்மேல் பாய்ந்தோமே!

இவ்வூரிலிருந்து பம்மலைக் கடந்தால் பல்லாவரம். 1911 முதல் அங்கு வாழ்ந்த சுவாமி வேதாசலம், 1916இல் தனித்தமிழ் நோன்பு பூண்டு மறைமலையடிகள் ஆனார். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. ஞானசாகரம் என்னும் அவரது இதழ் அறிவுக்கடல் ஆயிற்று. தம் மக்கள் பெயர்களையும் பெயர்த்தார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார். அடிகளின் புலமைக்கும் துணிவுக்கும் நாம் தலைவணங்குகிறோம். எனினும் அறிவுத்தொடர்பு என்பது ஏட்டில் நின்றதேயன்றித் தெருவில் நடக்கவில்லை. தனித்தமிழுக்காக உழைத்து வடசொல் தமிழ் அகரவரிசை தொகுத்த அவர் மகளாரோ, நீலாம்பிகை என்னும் வடமொழிப் பெயரோடே வரலாற்றில் நிலைத்தார். அடிகள் வடசொல்லை விலக்கித் தமிழ் காணப் புறப்பட்டார். நம் சிறுநூல்கள் தமிழை விலக்கி அறபு காணப் புறப்பட்டுள்ளன. திசை எதிர், நடை ஒன்றே. வந்த சொல்லுக்குத் திண்ணையில் இடம்கொடுத்து, நாளடைவில் உள்வீட்டில் சேர்த்துக்கொள்ளும் பழைய தமிழ் வழக்கத்தை இரு சாராரும் மறந்தனர்.

அவ்வழக்கத்தின் சுவடுகள் ஆண்பெயர்களிலும் உண்டு. செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பெயரில் தம்பி இருக்கிறார். அறபுத்தமிழில் மார்க்க நூல்கள் யாத்த கீழக்கரை மாமேதையை (1816–1898) உலகம் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே அறியும். தைக்கா சாகிபு அவர்களின் மருமகன் என்னும் உறவுமுறையே பெயராயிற்று. தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் (1988) வரும் முதலாளி, அகமதுக்கண்ணு. இந்தத் தம்பியையோ மாப்பிள்ளையையோ கண்ணையோ எவரும் திருத்தத் துணிந்ததில்லை. வீட்டுக்குள் இருந்த மூதாட்டியின் முத்தைத்தான் நாம் திருத்தினோம். புலமையும் செல்வமும் உடைய ஆடவர் பெயரில் தமிழ் அணியாகிறது. பெண் பெயரில் அதே தமிழ் பிழையாகிறது. நம் அறிவு எங்கே சாய்ந்து நின்றது என்பது இப்போதுதான் புலனாகிறது.

எழுத்துலகிலும் இச்சாய்வைக் காண்கிறோம். கீழக்கரை சாகுல் ஹமீது, இன்குலாப் (1944–2016) என்னும் புனைபெயரை ஏற்றார். சமய நம்பிக்கை இல்லாத அவர் புரட்சிக்குத் தேர்ந்த சொல்லும் அறபியிலிருந்து வந்ததே. எஸ். அப்துல் ஹமீது, மனுஷ்யபுத்திரன் ஆனார். இவர்கள் உரக்கப் பேசுவதற்குப் புனைபெயர் கொண்டவர்கள். துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவோ தம்மை மறைத்துக்கொள்வதற்கு அப்பெயரைக் கொண்டவர். வீட்டில் அவர் ராஜாத்தி, ஆவணங்களில் ரொக்கையா, கவிதையில் சல்மா. ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தபோது மறைப்பு நீங்கியிருந்தது. அவர் 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அன்னை வாயில் தமிழ், ஏட்டில் அறபு, எழுத்தில் ஒளிவிடம் என ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர் வேண்டியிருந்தது.

அவருக்கு வெகு முன்னரே, நாகூர்ச் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) தம் சொந்தப் பெயரிலேயே ‘காதலா? கடமையா?’ என்னும் புதினத்தை 1938இல் வெளியிட்டார். அப்பெயரில் அறபும் துருக்கியும் உண்டு. ‘என் தலைவி’ எனப் பொருள்படும் சித்தி, தமிழ்க் காதுக்குத் தாயின் தங்கையாகவும் கேட்கிறாள். அத்தகைய முன்மாதிரி இருந்தும், ‘தீன்குலச் செல்வி’ என அச்சிட்டு மணமகளின் தாய்ப்பெயரை விட்டுவிடும் திருமண அழைப்பிதழ்களை இன்றும் பெறுகிறோம். மணமானவுடன் பெண்ணின் தலைப்பெழுத்தைக் கணவனுடையதாக மாற்றுவதும் பெருகிவருகிறது. பாத்திமா (ரலி) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மணந்த பின்னும் பாத்திமா பின்த் முஹம்மத் தாமே! மார்க்கம் காத்துக் கொடுத்த தந்தை வழியை நாமே கோட்டைவிட்டுவிட்டுப் ‘பாத்துமாள்’ மார்க்கப் பெயரா என வினவிக்கொண்டிருக்கிறோம்.

அந்த மூதாட்டியாரின் பேத்தி இப்போது நம் மக்தபில் ஓதுகிறாள். பதிவேட்டிலுள்ள, நாம் எழுதிக்கொடுத்த நீண்ட பெயரைக் கூப்பிட்டால் சற்று நேரம் கழித்தே நிமிர்கிறாள். மாலையில் வாயிலில் நின்று பாட்டியார் ‘முத்து’ என்றால், பலகையை மூடுமுன்னே எழுந்து ஓடுகிறாள். சென்ற ஷவ்வாலில் புதுப் பதிவேடு திறந்தபோது, பாட்டியாரின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளட்டுமா என அவள் தந்தையாரிடம் கேட்டோம். அவர் சிறிது தயங்கி, “ஆதார் கார்டுல இருக்கறபடியே இருந்துட்டுப் போகட்டும், அஜரத்து” என்றார்.